பாம் கிராஸ் குட்டியும் மூன்றாம் மாடி வீடும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தக் குடும்பம் சென்னையின் தெற்குப் புறநகரில் வசிக்கிறது. அவர்களுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், தெரு, மருத்துவமனை எதையும் சொல்லவில்லை. நான் கால்நடை மருத்துவர் இல்லை. கைவிடப்பட்ட நாய்களை வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல இடம் பார்த்துக் கொடுக்கும் வேலையை 8 வருடமாகச் செய்துவருகிறேன். இதில் வரும் மருத்துவ விவரங்கள் சிகிச்சை தந்த மருத்துவர் சொன்னவை, சீட்டில் எழுதியவை. இந்த விஷயத்தில் என் தவறும் ஒன்று இருப்பதால் முழுதாகப் பதிவு செய்கிறேன்.

## பின்னணி

மார்ச் கடைசியில் ஒரு மாலை, அந்த வீட்டு அப்பா எனக்கு போன் செய்தார். மகளுக்கு 10 வயது, ஒரே பிள்ளை. இரண்டு வருடமாக நாய் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முழுப்பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்கள். வீடு மூன்றாம் மாடியில், இரண்டு படுக்கையறை, லிஃப்ட் உண்டு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். "வீட்ல எங்க அம்மா இருக்காங்க மேடம், நாள் பூரா பாத்துக்குவாங்க" என்றார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "ஃப்ளாட்டுக்குச் சின்ன நாய்தான் சரி. கிராஸா இருந்தா நோய்நொடியும் குறைவு." மூன்று நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன். அன்று என் வீட்டில் ஒரு தாய்நாயும் கண் திறக்காத ஐந்து குட்டிகளும் இருந்தன, கை ஓயவில்லை. அப்படியிருந்தாலும் "நாளைக்குக் கூப்பிடுங்க, நிதானமாப் பேசலாம்" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்ன இரண்டுமே பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அந்தக் குடும்பம் அடுத்த 10 மாதத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது.

பாட்டிக்கு 68 வயது. ஆறு மாதம் சென்னையில் இளைய மகன் வீடு, ஆறு மாதம் திருச்சியில் மூத்த மகன் வீடு என்று இருப்பவர். ஜூனில் அவர் திருச்சிக்குப் போக வேண்டிய முறை. "நாள் பூரா பாத்துக்குவாங்க" என்று சொன்ன நேரத்தில் மகனுக்கு அது நினைவில் இல்லை. பாட்டியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

## குட்டி வந்த விதம்

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு, ஒரு சந்தையில் 7,000 ரூபாய்க்குக் குட்டியை வாங்கினார்கள். பெண் குட்டி, வெள்ளையில் காதோரம் மட்டும் பழுப்பு. விற்றவர் சொன்னது: அப்பா பாம், அம்மா லாசா என்ற சின்ன இனம், 45 நாள் ஆகிறது, ஊசி போட்டாயிற்று, நாலு கிலோவுக்கு மேல் வளராது. தாய்நாயைக் காட்டவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

நம் ஊரில் "பாம்" என்று சொல்லிப் பழகிய வெள்ளை நாய் பெரும்பாலும் உண்மையான பொமரேனியன் கிடையாது. அது இந்தியன் ஸ்பிட்ஸ். 1980, 90களில் தமிழ்நாட்டுத் தெருக்களில் வீட்டுக்கு வீடு இருந்ததும் அதுதான். பொமரேனியன் இரண்டு மூன்று கிலோ இருக்கும். ஸ்பிட்ஸில் சின்ன வகையே ஐந்து முதல் ஏழு கிலோ, பெரிய வகை அதற்கும் மேல். பெற்றோர் இரண்டையும் பார்க்காமல் ஒரு கிராஸ் குட்டி எவ்வளவு வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வீட்டில் எல்லோர் மனதிலும் இருந்தது கைப்பையில் அடங்கும் ஒரு நாய்.

நான்காம் நாள், புதன்கிழமை, குட்டி சோர்ந்து கிடக்கிறது என்று அழைத்தார்கள். நேரில் போய் உள்ளங்கையில் எடுத்தேன். சமையலறைத் தராசில் 620 கிராம். வாயைத் திறந்து பார்த்தால் முன்பற்கள் அரிசி நுனி போல இப்போதுதான் ஈறைக் கீறி எட்டிப்பார்க்கின்றன. கோரைப்பல் பாதி. கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறு. 45 நாள் குட்டிக்குக் கடைவாய்ப் பற்களும் தெரிய ஆரம்பித்திருக்கும். இது நாலரை வாரம், மிஞ்சினால் ஐந்து. தடுப்பூசி அட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தேதி இல்லை, மருத்துவர் கையெழுத்து இல்லை, பதிவு எண் இல்லை.

8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது. தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கும் அந்த நாட்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. இந்தக் குட்டிக்கு அது வாய்க்கவில்லை. வந்த இரண்டாம் நாளே மகளின் சுண்டுவிரலில் பல் பட்டு, ஒரு பொட்டு ரத்தம் வந்திருக்கிறது. "குட்டிப் பல்தானே" என்று மஞ்சள் வைத்துவிட்டிருந்தார்கள்.

அன்று நான் முதலில் செய்யச் சொன்னது குட்டிக்கு இல்லை, குழந்தைக்கு. தாய்நாய் எது, அதற்கு ரேபிஸ் ஊசி போட்டார்களா என்று தெரியாத குட்டியின் பல் தோலைக் கீறினால், குட்டி எவ்வளவு சிறியது என்பது கணக்கே இல்லை. மஞ்சள், எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், பிறகு நேராக மருத்துவரிடம் போக வேண்டும். அன்று இரவே மகளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஊசி இலவசம். முதல் நாள், 3, 7, 28 என்று நான்கு முறையும் தவறாமல் போட்டுக்கொண்டாள்.

## பார்வோ

வியாழன் இரவு நுரை நுரையாக வாந்தி. வெள்ளிக்கிழமை விடியற்காலை ரத்தம் கலந்த கழிச்சல். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரும்பும் அழுகலும் கலந்த மாதிரி. மருத்துவமனையில் பரிசோதனைக் கிட்டில் 10 நிமிடத்தில் இரண்டாவது கோடு விழுந்தது. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே எடுக்கக்கூடிய வைரஸ் நோய்.

தொற்று உடம்பில் ஏறி அறிகுறி தெரியப் பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும். குட்டி வீட்டுக்கு வந்து நான்காம் நாளே சோர்ந்துவிட்டதால், சந்தையிலோ அதற்கு முன்போ தொற்றியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். "நாங்க என்ன தப்பு பண்ணோம்?" என்று அம்மா அழுதுகொண்டே கேட்டபோது இதைத்தான் சொன்னேன்.

மருத்துவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, அங்கேயே உள்நோயாளியாக விடுவது. இன்னொன்று, தினமும் காலை கொண்டுவந்து மாலைவரை ட்ரிப்ஸ் ஏற்றி, இரவு வீட்டுக்குக் கொண்டுபோவது. இரவில் அங்கே பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. இவ்வளவு சின்னக் குட்டிக்கு உடல் சூடும் ரத்தத்தில் சர்க்கரையும் ராத்திரியில் சட்டென்று இறங்கிவிடும் என்பதால் இரண்டாவது வழியை எடுத்தார்கள். பார்வோ வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. நீர்ச்சத்து, வாந்தி நிற்க மருந்து, வேறு கிருமி புகாமல் இருக்க ஆன்டிபயாடிக் என்று உடம்பைத் தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை. வீட்டை ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவினார்கள். சாதாரண ஃபினாயிலுக்கு அந்த வைரஸ் சாகாது. மாதக்கணக்கில் தரையிலேயே கிடக்கும்.

ஆறு நாள். கணவனுக்கும் மனைவிக்கும் லீவு கிடைக்கவில்லை. குட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போய், பகல் முழுக்க மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவர் பாட்டி. பழைய காட்டன் புடவையை நாலாக மடித்து, அதில் குட்டியைச் சுற்றி, முன்னங்காலில் ஊசி அசையாமல் இரண்டு விரலால் பிடித்தபடியே இருப்பார். ஐந்தாம் நாள் குட்டி அவர் விரலை நக்கியது. மருத்துவர் கஞ்சித் தண்ணீர் ஒரு ஸ்பூன் கொடுக்கச் சொன்னார், வாந்தி வரவில்லை. பிழைத்துக்கொண்டது. செலவு 16,500 ரூபாய்.

## ஜூன் முதல் ஆகஸ்ட் வரை

உடம்பு தேறியதும் மே முதல் வாரத்தில் தடுப்பூசி தொடங்கினார்கள். 6, 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் சீம்பால். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது தீரும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். ஒரே ஊசியோடு "போட்டாச்சு" என்று நிறுத்துவது ஆபத்து. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசியும் போட்டு, அந்தச் சான்றிதழை வைத்து மாநகராட்சியில் உரிமமும் எடுத்தார்கள்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு நடந்தது. பள்ளி திறந்தது, பாட்டி திருச்சிக்குக் கிளம்பினார். இரண்டு மாதமாக ஒரு மடியை விட்டு இறங்காத மூன்று மாதக் குட்டி, காலை 7:45 முதல் மாலை 4:30 வரை பூட்டிய வீட்டில் தனியாக. அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. மற்ற மூன்று நாளும் இதே கதைதான்.

முதல் வாரம் தலையணை, இரண்டாம் வாரம் கதவு நிலை. சிறுநீர் கழித்ததற்குத் திட்டு வேறு. மூன்று மாதக் குட்டியால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது என்று நான் சொல்லும்வரை அது அடம் பிடிக்கிறது என்றே நினைத்திருந்தார்கள். ஜூலை கடைசியில் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: குரைப்பு தாங்கவில்லை, ஒரு மாதத்துக்குள் நாயை அகற்றவும்.

அப்பா கோபப்பட்டார். நாய் வளர்க்கக் கூடாது என்று சங்கம் தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதைக் காட்டிச் சண்டைக்குப் போகத் தயாராக இருந்தார். நான் வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டில் இருப்பவர் இரவுப் பணி செய்யும் செவிலியர், பகலில்தான் தூங்குவார். அவருடைய கஷ்டமும் நிஜம். முதலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்று பழைய போன் ஒன்றை ரெக்கார்டிங்கில் போட்டு, சோஃபா அடியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

அந்த ஒலிப்பதிவை நானும் முழுதாகக் கேட்டேன். பூட்டு விழுந்து நான்காவது நிமிடம் குரைப்பு ஆரம்பிக்கிறது. அரை மணி நேரம் விடாமல். அப்புறம் நகங்கள் டைல்ஸில் கீறும் சத்தம், கதவுக்கும் பாட்டியின் அறைக்குமாகப் போய்ப் போய் வருகிறது. 11 மணிக்கு எங்கோ குக்கர் விசில் வந்ததும் நீளமாக ஓர் ஊளை. அந்த நேரத்தில்தான் பாட்டி சமையல் முடித்து அதற்குச் சோறு வைப்பாராம். மொத்தம் 2 மணி 50 நிமிடக் குரைப்பு. அப்பா அதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார். பிறகு கோபம் பற்றிப் பேசவே இல்லை.

## எடுத்த முயற்சிகள்

செவிலியரிடம் போய் மன்னிப்புக் கேட்டு, இரண்டு மாதம் அவகாசம் வாங்கினார்கள். வீட்டு வேலைக்கு 11 மணிக்கு வரும் அக்கா, மாதம் 1,500 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு குட்டியை 20 நிமிடம் கீழே கூட்டிப்போய் வர ஒத்துக்கொண்டார். செருப்பு, சாவி, பை ஆகியவற்றைக் கையில் எடுத்து, வெளியே போகாமல் மறுபடி உட்காரும் பயிற்சி தினமும். பிறகு ஒரு நிமிடம் வெளியே, இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போனார்கள். குழிவான ரப்பர் பொம்மைக்குள் உப்பில்லாத தயிர்சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் வைத்து, கிளம்பும்போது கொடுத்தார்கள். அதை நக்கி முடிக்க அதற்கு 40 நிமிடம் ஆகும். எட்டு வாரத்தில் குரைப்பு 35 நிமிடமாகக் குறைந்தது. சங்கமும் கடிதத்தைத் தொடரவில்லை.

செப்டம்பரில் முட்டி. ஓடும்போது இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று எட்டு நொண்டும், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி நாலு காலில் ஓடும். மகள் அதை "டான்ஸ் ஆடுது" என்று வீடியோ எடுத்து வைத்திருந்தாள். மருத்துவருக்கு அதுவே உதவியது. முட்டிச் சில்லு நழுவுகிறது, நான்கு நிலைகளில் இரண்டாம் நிலை. சின்ன இனங்கள் பலவற்றிலும் இது சகஜம். "கிராஸுக்கு நோய் குறைவு" என்று நான் சொன்னது இங்கேதான் உதைத்தது. ஒரே குறை இரண்டு பக்கத்திலும் இருந்தால், கலப்பு அதைத் துடைத்துவிடாது. அறுவைச் சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம், எடையைக் குறையுங்கள், வழுக்கும் தரையை மூடுங்கள், சோஃபாவிலிருந்து குதிக்க விடாதீர்கள் என்றார் மருத்துவர். நாலு கிலோ என்று சொன்ன நாய் அப்போதே 7.5 கிலோ. பால்சாதம், மேரி பிஸ்கட், மீந்த சாம்பார் சாதம் என்று ஓடிக்கொண்டிருந்தது. சாம்பாரில் வெங்காயம் இருக்கிறது. அது நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். எல்லாவற்றையும் நிறுத்தி, வேகவைத்த கோழி, முட்டை, பூசணி, கொஞ்சம் சோறு என்று அளந்து வைக்க ஆரம்பித்தார்கள். கூடத்தில் கயிற்றுப்பாய் விரித்தார்கள்.

## டிசம்பர் முடிவு

டிசம்பரில் பாட்டி திரும்பி வந்தார். கதவு திறந்ததும் குட்டி அவர் காலடியில் படுத்து, சிறுநீர் விட்டு, எழுந்திருக்கவே இல்லையாம். அதே மாதம் அம்மாவின் அலுவலகத்தில் ஜனவரி முதல் ஐந்து நாளும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பாட்டி இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அவர் ஜூனில் மறுபடி கிளம்பினால்?

ஒரு ஞாயிறு எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். பகலில் விட்டுவர ஓர் இடம் பார்த்தார்கள். மாதச் செலவு கட்டுப்படியாகவில்லை. துணைக்கு இன்னொரு நாய் என்ற யோசனையை நான் மறுத்தேன். அது தேடுவது மனிதரை. இரண்டாவது நாய் வந்தால் குரைக்க இரண்டு நாய் ஆகும். வேறு வீடு பார்த்துக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோதுதான் நான் பாட்டியைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?" என்றேன். அந்தக் கேள்வியை அன்றுதான் முதல்முறையாக அவரிடம் யாரோ கேட்கிறார்கள்.

"மொதல்லயே கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். டைல்ஸ்ல அது மூத்திரம் போனா வழுக்கி விழுந்துடுவேனோன்னு தெனமும் பயந்தேன். இப்ப கேட்டீங்கன்னா, அது என்கூட இருக்கட்டும். நான் இனிமே திருச்சியிலேயே இருந்துக்கறேன்."

இந்த முறை யாரையும் கேட்காமல் விடவில்லை. மூத்த மருமகளிடம் நானே போனில் பேசினேன். அவர் இரண்டு நிபந்தனை வைத்தார்: சமையலறைக்கும் பூஜை அறைக்கும் வரக் கூடாது, குளிப்பாட்டுவது அவர் பொறுப்பு ஆகாது. நியாயமானவைதான். அது தனிவீடு, மாடிப்படி ஏற வேண்டியதில்லை, பின்பக்கம் மண் முற்றம்.

மகளிடம் சொல்வதுதான் சிரமமாக இருந்தது. அவள் கத்தவில்லை. "நான் கேட்டதாலதான் அதுக்கு இப்படி ஆச்சா ஆன்ட்டி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கேட்பது பிள்ளையின் வேலை, விசாரித்து முடிவு செய்வது பெரியவர்களின் வேலை, அதை நாங்கள்தான் சரியாகச் செய்யவில்லை என்று அவளுடைய அப்பா அம்மா முன்னாலேயே சொன்னேன். அவர்களும் ஆமாம் என்றார்கள்.

## அதன் பிறகு

பொங்கல் முடிந்து காரில் கூட்டிப்போனார்கள். சுமார் 330 கிலோமீட்டர், வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி. முதல் நான்கு நாள் பாட்டி கையில் வைத்து ஊட்டினால்தான் சாப்பிட்டது. மூன்று வாரத்தில் முற்றத்தில் தனக்கென்று ஒரு குழி தோண்டிக்கொண்டது. கருத்தடை அறுவைச் சிகிச்சை அங்கேயே முடிந்தது. பாட்டி கோயிலுக்குப் போகும் ஒரு மணி நேரம் தனியாக இருக்கிறது; குரைப்பதில்லை.

## இனி நான் மாற்றிச் செய்வது

இப்போது யார் நாய் கேட்டு அழைத்தாலும் முதல் கேள்வி, "காலை 8 மணியிலிருந்து மாலை 5 வரை வீட்டில் யார்?" என்பது. அந்த ஆளோடு நான் நேரடியாகப் பேசாமல் மேற்கொண்டு பேச்சு இல்லை. அடுத்த ஜூனிலும் அவர் அங்கே இருப்பாரா என்றும் கேட்கிறேன். சின்ன நாய்க்கு இடம் குறைவாகப் போதும். நேரம் குறைவாகப் போதாது. 12, 15 வருடம் இருக்கப்போகிற உயிர். பத்து வயது மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அது வீட்டில் இருக்கும்.

வேலைக்குப் போகும் குடும்பத்துக்குக் குட்டியைப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டேன். சின்ன கிராஸ்தான் வேண்டும் என்றால், காப்பகங்களில் இரண்டு மூன்று வயது ஆனவை கிடைக்கின்றன. இவ்வளவுதான் எடை, இப்படித்தான் குணம், முட்டி எப்படி, தனியாக இருக்குமா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், தாய்நாயைப் பார்க்காமல், 8 வாரம் ஆகாமல், கையெழுத்தும் தேதியும் உள்ள அட்டை இல்லாமல் வாங்காதீர்கள் என்கிறேன். வாங்கும் விலையைப் போல நான்கைந்து மடங்கு பணம் தனியாக இருக்கிறதா என்றும் கேட்கிறேன். இந்தக் குடும்பம் 7,000 ரூபாய்க்கு வாங்கிய குட்டிக்கு முதல் ஆறு மாதத்தில் மருத்துவத்துக்கு மட்டும் 31,000 ரூபாய் செலவழித்தது.

இதை எழுதும் மே மாதத்தில் மகள் விடுமுறைக்குத் திருச்சி போயிருக்கிறாள். குட்டியின் எடை 9.2லிருந்து 8.3க்கு இறங்கியிருக்கிறது, முட்டி அதே இரண்டாம் நிலையில் நிற்கிறது. ஆண்டுத் தடுப்பூசித் தேதியைப் பாட்டி தினசரி காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். மருத்துவரிடம் இந்த முறை பேத்திதான் தூக்கிப்போகப் போகிறாளாம்.